மின்னிலையமும் அதனுள் உழைப்போர் காப்பும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த சம்பூர், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மின்சாரத்தோடு சேர்த்தே பேசப்பட்டு வரும் ஊராகும். அவ்விடத்தில் நிலக்கரியால் இயங்கும் 500 மெகாவாற்று மின்னிலையமொன்றை நிறுவுதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் 2006இல் உடன்பட்டன. இரு நிறுவனங்களும் கூடித் திருகோணமலை மின்வலுக் கம்பனி என்னும் பெயரால் ஒரு கூட்டுக் கம்பனியும் அமைத்தன. உடன்பாடு செய்யப்பட்ட அவ்வாண்டிலேயே போரினால் ஊரைவிட்டு நீங்கிய மக்கள் தம் நிலத்தை மீட்பதற்குப் பல்லாண்டு வாதாட வேண்டியிருந்தது. கடல் வெம்மையுறும், காற்று மாசுறும், வயலில் சாம்பல் படியும் என்ற அச்சமும் எழுந்தது. ஈற்றில் 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் எழுந்த அவ்வினாக்கள் நியாயமானவையே. ஆயினும் அவற்றோடு கேட்கப்படவேண்டிய பிறிதொரு வினாவும் உண்டு. அத்தகைய மின்னிலையத்தின் மதிலுக்குள்ளே நாடோறும் புகுந்து வேலைசெய்வோர் மாலையில் நலமாக வீடு திரும்புவதற்கு யாது உறுதி? இவ்வினா வெறுங் கற்பனையன்று. சம்பூர்த் திட்டம் கைவிடப்பட்ட மறு ஆண்டிலே, அதே இந்தியக் கூட்டுத்தாபனத்துக்குரிய உஞ்சகார் மின்னிலையத்தில் நிகழ்ந்த பெருவிபத்து இதற்குச் சான்றாகும். அதனை விளங்கிக்கொள்ளுதற்கு முதலில் அனல்மின்னிலையம் ஒன்றின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

அனல்மின்னிலையத்தின் தத்துவம் எளியது. உலையில் நிலக்கரியை எரித்து, உலைச்சுவராக அமைந்த குழாய்களினூடே செல்லும் நீரை ஆவியாக்கி, அவ்வாவியால் சுழலியைச் சுழற்ற, சுழலியோடு பிணைக்கப்பட்ட பிறப்பாக்கி மின்சாரத்தைத் தருகின்றது. நம் அடுக்களையிற் கொதிக்கும் கேத்திலும் இதே வேலையைத்தான் செய்கின்றது, வேறுபாடு அளவிலேயாம். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு பங்கு நீர் ஏறக்குறைய 1,600 பங்கு ஆவியாக விரியும். அவ்விரிவை இரும்புச் சிறைக்குள் அடக்கி, 500 பாகை சதமத்துக்கு மேலும் சூடேற்றி, வளிமண்டலத்தினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் வைத்திருப்பதே பெருங் கொதிகலத்தின் தொழில். சிறை பிளந்தால் உள்ளிருக்கும் நீர் ஒரு கணத்தில் ஆவியாய்ப் பாய்ந்துவிடும்.

இவ்வாவியின் கொடுமை கண்ணுக்குப் புலப்படாமையிலும் உள்ளது. கேத்திலின் மூக்கிலிருந்து வெண்புகைபோல் எழுவதைப் பலரும் ஆவியென்பர். அஃது ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகளேயன்றி ஆவியன்று. மிகைச் சூடேறிய ஆவி முற்றிலும் நிறமற்றது. குழாயொன்றில் ஊசித்துளையளவு வெடிப்பு நேர்ந்தால் பெரும் இரைச்சல் கேட்கும். ஆனால் பாயும் இடம் தெரியாது. முற்காலத்து ஆலைத் தொழிலாளர் நீண்ட விளக்குமாற்றுத் தடியொன்றை முன்னே நீட்டிக்கொண்டு அடியடியாய் நடப்பார்களாம். தடியின் நுனி அறுபட்டு வீழ்ந்தவிடத்தில் ஆவி பாய்கின்றதென அறிந்து நிற்பர். தடிக்குப் பதில் கை நீண்டிருந்தால் என்னாகும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

கொதிகலம் வெடித்தல் நீராவி யந்திரத்தோடு உடன்பிறந்த நோய். 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு தேசத்தவரான தெனி பப்பின் தம் ஆவிக்கலத்துக்குக் காப்பு வால்வு அமைத்தார். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகிய வேகத்துக்குக் காப்புமுறைகள் ஈடுகொடுக்கவில்லை. அமுக்கத்தைக் கூட்டி வேலை வாங்கும் பேராசையினால் காப்பு வால்வின்மேல் பாரமேற்றி, அது திறவாவண்ணம் கட்டிவைத்த ஆலைகளும் இருந்தன. 1854இல் மஞ்செஸ்டர் நகரில் வில்லியம் பெயார்பேண் முதலிய பொறியியலாளர் கூடி, கொதிகலங்களைக் காலந்தோறும் பரிசோதிப்பதற்கு ஒரு சங்கம் கண்டனர். வெடித்த ஒவ்வொரு கொதிகலத்தைப் பற்றியும் விசாரணை நடத்தப்படவேண்டுமென்ற சட்டம் இங்கிலாந்தில் 1882இல் தோன்றிற்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறொக்டன் நகரிலே, 1905இல் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலம் வெடித்து 58 பேர் மாண்டதன் பின்னரே அந்நாட்டுப் பொறியியலாளர் சங்கம் கொதிகல அமைப்புக்கு ஒரு விதிநூலை வகுத்தது. இந்தியாவில் கொதிகலச் சட்டம் 1923இல் நாடு முழுவதற்குமாக இயற்றப்பட்டது. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கொதிகலம், பாரந்தூக்கி, சுழலும் யந்திரம் என்பனவற்றுக்குரிய காப்பையும், அரசாங்கப் பரிசோதகர் உட்புகுந்து பார்க்கும் அதிகாரத்தையும் விதித்தது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ 1934இல் வந்தது. இறந்த பின்னர் கொடுப்பது நட்டஈடு; இறவாமற் காப்பது பரிசோதனை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, பணம் கட்டிவிட்டோமே என்று அமையும் முதலாளிமார் இன்றும் இல்லாமலில்லை.

இச்சட்டங்களின் பயனாகக் கலம் வெடித்தல் அருகிவிட்டது எனலாம். இன்று பெரும் மின்னிலையங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீர்ப்பக்கமன்று, நெருப்புப் பக்கம். உலையினுள்ளே எரியாத எரிபொருள் தேங்கி நிற்க, அதன்மேல் தீப்பொறி பட்டால் உலை முழுதும் ஒரே கணத்தில் வெடிக்கும். ஆதலின் நிறுத்திய உலையை மீண்டும் மூட்டுமுன், பெரும் விசிறிகளால் சில நிமிடங்களேனும் காற்றைச் செலுத்தி, உலையின் கொள்ளளவைப்போற் பன்மடங்கு காற்றால் உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றுதல் வேண்டும். இக்கழுவுதல் முடியாமல் எரிபொருள் வால்வு திறவாதபடி தானியங்கிப் பூட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. அவசரத்தில் அப்பூட்டைத் தளர்த்தி வேலைசெய்தல், அன்று காப்பு வால்வின்மேல் பாரமேற்றினாரே, அவர் செய்கைக்குச் சற்றும் குறைந்ததன்று.

உஞ்சகாரில் நிகழ்ந்ததும் நெருப்புப் பக்கத்து விபத்தே. உத்தரப் பிரதேசத்து ரேபரேலி மாவட்டத்திலுள்ள அம்மின்னிலையத்தின் ஆறாம் அலகு 500 மெகாவாற்று வலுவுடையது. அஃதாவது சம்பூரில் அமையவிருந்த நிலையம் முழுவதுக்கும் ஒப்பானது. புதிதாக இயங்கத் தொடங்கிய அவ்வலகின் உலையடியில் நிலக்கரிச் சாம்பல் உருகிக் கட்டிபட்டு, வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டது. மின்னுற்பத்தியைக் குறைத்து, உலையை அணையாமலே அக்கட்டிகளை உடைத்தகற்றும் வேலை நடைபெற்றது. 2017 நவம்பர் 1ஆம் நாள் பிற்பகல், உலையினுள் அமுக்கம் சடுதியாக உயர, கொடிய வெப்பமுடைய வாயுவும் சாம்பலும் வெளியே பீறிட்டன. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அதனினும் பலர் எரிகாயமுற்றனர்.

சாம்பல் கட்டிபடுதல் அனல்மின்னிலையத்தில் புதுமையன்று. அது நேரும், அகற்றவும் வேண்டும். ஆனால் எரியும் உலையின் அருகே அத்துணைப் பேர் ஒருங்கே நிற்கும்படி நேர்ந்தது எவ்வாறு என்பதே கேட்கத்தக்கது. உலையை முற்றாக நிறுத்தினால் அது குளிர்வதற்கே நெடுநேரம் ஆகும். மீண்டும் மூட்டி முழுவலுவுக்குக் கொணர்வதற்கு மேலும் நேரம் வேண்டும். அதுகாறும் மின்சாரமும் இல்லை, வருவாயும் இல்லை. நிறுத்துவதா, நிறுத்தாமலே பார்ப்பதா என்னும் அத்தீர்மானம் மண்வெட்டி பிடித்தவனுடையதன்று. அது மேலே, குளிரூட்டிய அறையில் இருப்போருடையது. பாதுகாப்பு முகாமை எனப்படுவதன் உயிர்நிலை இதுவே. உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அவர் அதனைப் பயன்படுத்தினால் பாராட்டுப் பெறுவாரா பழியேற்பாரா என்பதறிந்தால், அந்நிலையத்தின் பாதுகாப்பு எத்தகையதென்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

தமிழ்நாட்டின் நெய்வேலிக்கும் இக்கதை அயலானதன்று. பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962 முதல் மின்னுற்பத்தி செய்து, தென்னாட்டுக்கு ஒளியூட்டிய பெருமை அவ்வூருக்குண்டு. அங்கே இரண்டாம் அனல்மின்னிலையத்தில், 2020 மே 7ஆம் நாள் ஆறாம் அலகின் கொதிகலப் பகுதியில் விபத்து நேர்ந்து சிலர் உயிரிழந்தனர். இரண்டு மாதம் நிறைவதற்குள், ஜூலை 1ஆம் நாள் காலை, அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் மீண்டும் வெடிப்பு நிகழ்ந்தது. அறுவர் அன்றே மாண்டனர். எரிகாயங்களோடு வைத்தியசாலை சேர்ந்தோருட் பலர் அடுத்து வந்த நாட்களில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இரண்டாம் விபத்தின்போது அக்கொதிகலம் இயங்கவில்லை என்று கூறப்பட்டது. நிறுத்திய யந்திரம் தீங்கற்றது என்பது பொதுமக்கள் எண்ணம். இயங்கும்போது யாவரும் விலகி நிற்கும் யந்திரத்தை நிறுத்திய பின்னரே பலர் நெருங்குவர் என்பது தொழிலறிந்தோர் அனுபவம். மாண்டோருட் பலர் ஒப்பந்தத் தொழிலாளர் என்பதையும் மறத்தலாகாது. ஒப்பந்தத் தொழிலாளி நேற்று வேறிடத்தில் வேலைசெய்தவன். இன்று இங்கு வந்தவன். யந்திரத்தின் குணம் அவனறியான். ஐயம் தோன்றினாலும் கேட்கத் துணியான். கேட்டால் நாளை வேலையில்லை என்று அஞ்சுவான்.

நிறுத்திய யந்திரத்தில் வேலைசெய்வோரைக் காப்பதற்கே வேலை அனுமதிச்சீட்டு என்னும் முறை ஏற்பட்டது. இது காகித வேலையென்று எள்ளப்படுவதுண்டு. உண்மையில் மின்னிலையத்துக் காப்பு விதிகளுள் இதனினும் உயர்ந்தது பிறிதொன்றில்லை எனலாம். நீரேற்றும் பம்பியொன்றைப் பழுதுபார்க்க வேண்டுமெனக் கொள்வோம். பழுதுபார்ப்பவன் தானே சென்று சுவிச்சை அணைத்துவிட்டு வேலை தொடங்கலாகாது. இயக்கும் பகுதிக்குப் பொறுப்பானவர் மின்தொடர்பைப் பிரித்து, நீர் வரும் வால்வையும் போகும் வால்வையும் மூடி, ஒவ்வொன்றுக்கும் பூட்டிட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு, இன்ன இடத்தில் இன்ன வேலையை இன்ன நேரம்வரை செய்யலாமென எழுதிக் கையொப்பமிடுவார். வேலைசெய்யும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டையும் அவ்விடத்தில் இட்டு, திறப்பைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். பத்துப்பேர் உள்ளே இருந்தால் பத்துப் பூட்டு. பத்தாவது மனிதன் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றினாலன்றி, பிரதம பொறியியலாளரே வந்தாலும் யந்திரத்தை இயக்கவியலாது. கல்வியிலும் பதவியிலும் கடைநிலையிலுள்ள தொழிலாளியின் கையில் அவனுயிரின் திறப்பை ஒப்படைக்கும் ஏற்பாடு இது.

பூட்டிட்ட பின்னும் சோதித்தல் வேண்டும். மின்கம்பியில் மின்னில்லை என்பதைக் கருவிகொண்டு அறிந்து, அதனைப் புவித்தொடுப்புச் செய்த பின்னரே கைவைத்தல் விதி. சோதனைக் கருவியே பழுதுபட்டிருந்தால்? அதனால் மின்னுள்ள இடமொன்றில் அக்கருவியை முதலிற் சோதித்து, பின்னர் கம்பியைச் சோதித்து, மீண்டும் மின்னுள்ள இடத்திற் சோதிப்பர்.

இச்சீட்டு முறை தவறினால் விளைவது யாது என்பதற்கு வடகடலில் நடந்த பைப்பர் அல்பா விபத்தே பெருஞ் சான்று. அது மின்னிலையமன்று, கடல் நடுவே எண்ணெயும் வாயுவும் எடுக்கும் மேடை. 1988 ஜூலை 6ஆம் நாள் அங்கே பம்பியொன்றின் காப்பு வால்வு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டு, அவ்விடம் தகட்டால் மூடப்பட்டிருந்தது. மாலையில் முறை மாறிற்று. வேறொரு பம்பி இரவில் நின்றுபோகவே, முதற்பம்பியை இயக்க முயன்றனர். அதன் வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தியைக் கூறும் சீட்டு இரவு முறையாரின் கவனத்துக்கு வரவில்லை. வாயு கசிந்து தீப்பற்ற, 167 பேர் மாண்டனர். சீட்டு எழுதப்பட்டிருந்தது, ஆனால் அறியவேண்டியவரை அடையவில்லை. ஆதலினால் முறை மாறும் வேளையில் போவோரும் வருவோரும் நேரில் நின்று, எந்த யந்திரம் யார் கையில் உள்ளது என்பதைச் சொல்லிக் கேட்டுக் கையொப்பமிடும் அந்த அரைமணி நேரத்தை வீண்காலமென எண்ணுதல் தவறாகும்.

மின்னிலையத்தினுள் ஒளிந்திருக்கும் ஆபத்துகள் இன்னும் பல. அவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு கூறுதல் அமையும். முதலாவது, அடைபட்ட இடம். தாங்கி, புகைவழி, நிலத்தடி அறை என்பனவற்றில் ஒட்சிசன் குன்றியிருக்கக்கூடும். காற்றில் ஏறக்குறைய 21 வீதமாகிய ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழ் இறங்கினால் உட்செல்லலாகாதென்பர். இரும்பு துருப்பிடித்தலே ஒட்சிசனை உண்டுவிடும். ஆதலின் நெடுநாள் மூடிக்கிடந்த வெறுந்தாங்கியும் ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவன் வீழ்ந்தால் அவனைத் தூக்க மற்றொருவன் இறங்குகிறான், அவனையும் காப்பாற்ற மூன்றாமவன் இறங்குகிறான். இரக்கமே இவ்விடத்தில் எமனாகின்றது. எனவேதான் உட்செல்வோனுக்குக் கயிறு கட்டி, வெளியே ஒருவரைக் காவல் நிறுத்தி, அவர் எக்காரணங்கொண்டும் உள்ளே இறங்கலாகாதென விதித்தனர்.

இரண்டாவது, பிறப்பாக்கியைக் குளிர்விக்கும் ஐதரசன். பெரும் பிறப்பாக்கிகள் பலவற்றில் வளிக்குப் பதிலாக ஐதரசனே உள்ளே நிரப்பப்படுகின்றது. அது மிக இலேசானது. வெப்பத்தை நன்கு கவர்ந்து செல்வது. ஆனால் வளியோடு 4 முதல் 75 வீதம்வரை எவ்வளவு கலந்தாலும் தீப்பற்றவல்லது. பழுதுபார்க்கத் திறக்கும்போது ஐதரசனையும் வளியையும் சந்திக்கவே விடலாகாது. முதலில் காபனீரொட்சைட்டைச் செலுத்தி ஐதரசனை வெளியேற்றி, பின்னர் வளியைச் செலுத்திக் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவர். இரு பகைவரிடையே ஒரு நடுவரை நிறுத்துவது போன்ற ஏற்பாடு. இரசாயன பாடத்தில் மாணவர் மனனஞ் செய்யும் வாயுக்களின் குணங்கள் இவ்வாறு ஒரு தொழிற்சாலையில் உயிர்காக்கும் அறிவாகின்றன.

பாதுகாப்பு என்றவுடன் தலைக்கவசமும் சப்பாத்தும் கையுறையுமே பலர் கண்முன் தோன்றும். அவை வேண்டியனவே. ஆயினும் தொழிற்காப்பு நூலோர் அவற்றை இறுதிநிலையில் வைப்பர். ஆபத்தை இல்லாமலே செய்தல் தலைசிறந்தது. இயலாதெனின் ஆபத்துக் குறைந்த வேறொன்றை மேற்கொள்ளல். அதுவும் இயலாதெனின் வேலியும் தடுப்பும் தானியங்கிப் பூட்டும் அமைத்தல். பின்னரே விதியும் பயிற்சியும். யாவும் தவறியவிடத்துக் கவசம். உஞ்சகாரில் பீறிட்ட வெப்பத்தின் முன் தலைக்கவசம் என்செய்யும்? வாயிலில் வண்ணச் சுவரொட்டி ஒட்டி, ஆண்டுக்கொருமுறை பாதுகாப்பு வாரம் கொண்டாடி, கவசம் அணியாத தொழிலாளிக்குத் தண்டம் விதித்து, அத்துடன் கடமை முடிந்ததெனக் கருதும் முகாமை ஆபத்தின் அடியை விட்டு நுனியைப் பிடிக்கின்றது.

அமெரிக்கரான ஹைன்றிக் என்பவர் 1931இல் வெளியிட்ட நூலொன்றில், பெருங்காயம் ஒன்றுக்குச் சிறுகாயம் 29உம், காயமின்றித் தப்பிய சம்பவம் 300உம் உளவென எழுதினார். அவ்வெண்களை இன்றைய ஆய்வாளர் அவ்வாறே ஏற்பதில்லை. சிறு விபத்துகள் குறைந்த தொழிற்சாலையிலும் பெருவிபத்து நேர்ந்ததுண்டு. எனினும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிவைத்து ஆராய்தல் வேண்டுமென்ற அவர் கருத்து பழுதன்று. இடர் யாதெனில், தப்பியதை எழுதினால் ‘யார் செய்த பிழை’ என்ற வினாவே முதலில் எழுகின்றது. பிழைசெய்தவனைத் தேடும் இடத்தில் யாரும் எழுதமாட்டார். ஏடு வெறுமையாக இருக்கும். வெறும் ஏட்டைக் கண்டு மேலதிகாரி மகிழ்வார்.

இனித் திருகோணமலைக்கு மீள்வோம். நிலக்கரி நிலையம் எழவில்லையெனினும் இத்துறைமுகப் பிரதேசம் ஆபத்தறியாத இடமன்று. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவை அடுத்த காட்டில் 99 உள்ளன. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலின்போது அவற்றுளொன்று எரிந்தழிந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டோர் பலர். 2022இல் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி அவற்றுள் 61ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாகப் புதுப்பிக்கவுள்ளன. நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த தாங்கிகளுட் புகுந்து துருவகற்றுதல் எத்தகைய வேலையென்பதை, மேலே அடைபட்ட இடத்தைப் பற்றிக் கூறியவற்றோடு சேர்த்து எண்ணுக.

சம்பூரிலும் வேறொரு மின்னிலையம் வருகின்றது. நிலக்கரிக்கெனத் தோன்றிய அதே கூட்டு முயற்சி அங்கு 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்தை இரு கட்டங்களாக அமைக்க முனைந்து, 2025 ஏப்பிரில் 5ஆம் நாள் பணி தொடக்கிவைக்கப்பட்டது. சூரிய மின்னிலையத்தில் உலையில்லை, கொதிகலமில்லை, சாம்பலில்லை. முன் கூறிய வரிசையில் ஆபத்தை இல்லாமலே செய்தல் என்னும் முதற்படி இதுவெனலாம். ஆயினும் அது தனக்கேயுரிய ஆபத்துகளையும் உடன்கொண்டு வரும்.

அவற்றுள் தலையாயது சூரியனுக்குப் பூட்டிட இயலாமை. அனல்மின்னிலையத்தில் பிறப்பாக்கியை நிறுத்தினால் மின் பிறப்பது நிற்கும். சூரியத் தகடோ வெயிலுள்ளவரை மின்னைப் பிறப்பித்தே தீரும். தகடுகளைத் தொடராக இணைக்கும்போது 1,000 வோற்றும் 1,500 வோற்றும் எழும். அதுவும் நேரோட்ட மின். நம் வீடுகளுக்கு வரும் ஆடலோட்ட மின் செக்கனுக்கு நூறுமுறை பூச்சியத்தைத் தொட்டு மீளுதலின், இணைப்பைப் பிரிக்கும்போது தோன்றும் தீச்சுடர் பெரும்பாலும் தானே அணையும். நேரோட்ட மின்னுக்குப் பூச்சியம் என்பதில்லை; சுடர் அணையாமல் நீண்டு எரியும். ஆதலின் முதலில் பிரிக்கும் ஆளியைத் திறந்து ஓட்டத்தை நிறுத்தி, ஓட்டமில்லையெனக் கருவியால் அறிந்த பின்னரன்றித் தகடுகளின் இணைப்பைக் கையால் இழுத்துப் பிரித்தலாகாது.

அடுத்து வெயில். கச்சான் வீசும் மாதங்களில் நிழலற்ற வெளியில் கண்ணாடித் தகடுகளின் நடுவே நின்று வேலைசெய்வோர்க்கு வெப்பமே விபத்து. குடிநீர், நிழற்கொட்டகை, நண்பகல் ஓய்வு என்பன ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதப்படவேண்டியவை. மேற்பார்வையாளரின் தயவுக்கு விடத்தக்கவையல்ல.

இவையனைத்துக்கும் மொழி ஒரு வாயிலாகும். ஒரே களத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வெளிநாட்டுப் பொறியியலாளரும் கூடி வேலைசெய்யும் மாவட்டம் இது. அனுமதிச்சீட்டு ஆங்கிலத்திலும், எச்சரிக்கைத் தகடு யந்திரம் செய்த நாட்டின் மொழியிலும் இருந்தால், மூதூரிலிருந்து வரும் இளைஞன் எதனைப் படித்துக் கையொப்பமிடுவான்? அவன் பெயரை எழுதத் தெரிந்தது போதுமென விடலாகாது. வேலை தொடங்குமுன் சீட்டிலுள்ளதை அவன் தன் மொழியிற் சொல்லக் கேட்டு, பூட்டிட்ட இடத்தை அவன் விரலாற் சுட்டக் கண்ட பின்னரே பொறுப்பதிகாரி தம் கையொப்பத்தை இடுதல் வேண்டும்.